முதலில் எடை மேடைக்குப் போங்கள்

அன்புள்ள நண்பருக்கு,

மெல்பர்னிலிருந்து நீங்கள் எழுதிய கடிதமும் அதோடு வைத்திருந்த வரைபடங்களும் கிடைத்தன. 1997இல் தயாரான மிட்சுபிஷி டெலிகா ஸ்பேஸ் கியர் வேன் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்கள். அதைக் கேம்பர் வேனாக மாற்றி, அடுத்த குளிர்காலத்தில் மனைவியையும் ஏழு வயது மகளையும் அழைத்துக்கொண்டு தெற்கு ஆஸ்திரேலியாவின் ஊட்னடாட்டா தடத்தில் போய்வர வேண்டும் என்பது உங்கள் ஆசை. மரவேலையை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மரவேலைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய. அவற்றை எழுதத்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளமாகிறது.

வண்டியை நன்றாகவே தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். 1994இல் ஜப்பானில் வெளிவந்த இந்த வேன், அந்தக் காலத்துப் பஜேரோவின் ஓட்ட பாகங்களை வாங்கிக்கொண்டு பிறந்தது. சாதாரண சாலையில் பின்சக்கரங்களை மட்டும் ஓட்டலாம். மழைச் சாலையில் நான்கு சக்கரங்களுக்கும் சக்தியைப் பகிரலாம். சேற்றிலும் மணலிலும் நடுவே பூட்டுப் போட்டு, வேண்டுமானால் லோ ரேஞ்சுக்கும் இறங்கலாம். ஆள் ஏற்றும் வேன் ஒன்றில் இத்தனையும் சேர்ந்து அமைவது அரிது. எண்பதுகளில் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஃபோக்ஸ்வேகனுக்காகச் செய்த சிங்க்ரோ வேன்களை இதற்கு முன்னோடியாகச் சொல்லலாம். ஆனால் அவற்றுக்கு இன்று கேட்கும் விலை நம் போன்ற குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது.

இனி உங்கள் வரைபடம். பின்பக்கம் படுக்கை மேடை, இரு பக்கமும் அலமாரி, கழுவுதொட்டியோடு சமையல் மேடை, கழிப்பறைக்கு ஒரு தடுப்பு. இவ்வளவுக்கும் 18 மில்லிமீட்டர் ப்ளைவுட் ஆறு தாள் என்று குறித்திருக்கிறீர்கள். 2.4 மீட்டருக்கு 1.2 மீட்டர் அளவுள்ள பைன் ப்ளைவுட் தாள் ஒன்று அந்தத் தடிமனில் 28 கிலோவை ஒட்டி இருக்கும். ஆறு தாளுக்கு ஏறத்தாழ 170 கிலோ. நீங்கள் மூவரும் சேர்ந்து ஏறி நின்றாலும் அவ்வளவுதான் வரும். வெறும் பலகைக்காக இன்னொரு குடும்பத்தையே வண்டியில் ஏற்றுகிறீர்கள். வெட்டிக் கழிப்பதைத் தள்ளினாலும் கணக்கு பெரிதாக மாறாது. அதற்கு மேல் 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, அது நிறைந்தால் 80 கிலோ. நீங்கள் எழுதியிருக்கும் பழைய வகை ஈய பேட்டரிகள் இரண்டு, அவை 60 கிலோ. ஃபிரிட்ஜ், இரண்டாவது ஸ்டெப்னி, கருவிப் பெட்டி, கூரைமேல் கட்டும் சாமான்கள் இன்னும் கணக்கில் வரவே இல்லை.

ஆகவே வண்டி கைக்கு வந்த மறுநாளே டீசல் டேங்கை நிரப்பிக்கொண்டு எடை மேடைக்குப் போங்கள். முழு எடை, முன் அச்சின் எடை, பின் அச்சின் எடை என்று மூன்றையும் தனித்தனியே வாங்குங்கள். ஜிவிஎம் என்று சொல்லும் உச்ச எடை ஆஸ்திரேலியப் பதிவுக்காக வண்டியில் ஒட்டிய தகட்டில் பொறித்திருக்கும். அதிலிருந்து மேடை காட்டிய எடையைக் கழித்தால் மிஞ்சுவது எவ்வளவோ அவ்வளவுதான் உங்களுக்குச் சொந்தம். ஆட்கள், தண்ணீர், அரிசி, பலகை, பேட்டரி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அந்த எண்ணைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். ஒவ்வொரு பொருள் வாங்கும்போதும் அதிலிருந்து கழியுங்கள். உச்ச எடையைத் தாண்டி ஓட்டுவது சட்டப்படி குற்றம். விபத்து நேர்ந்தால் இழப்பீட்டை மறுக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அதுவே காரணமாகலாம். இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: அளவுக்கு மீறிச் சுமந்த வண்டி பிரேக் பிடித்து நிற்க அதிகத் தூரம் எடுக்கும், அதிகம் சூடேறும், வளைவில் அதிகம் சாயும். உள்ளே இருக்கப்போவது உங்கள் மகள்.

மண் சாலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊட்னடாட்டா தடம் போன்ற பாதைகளில் தரை நெடுக வரிவரியாக அலை எழும்பிக் கிடக்கும். அங்கே அதைக் காரகேஷன் என்பார்கள். கனமான லாரிகள்தான் இதற்குக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கீத் மேத்தர் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி சிறு சக்கரம் ஒன்றை மணல் தடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, 1963இல் 'சயன்டிபிக் அமெரிக்கன்' இதழில் எழுதினார். குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் எந்தச் சக்கரமும் சிறு மேட்டில் துள்ளும், விழுந்த இடத்தில் மண்ணைக் குழித்து அடுத்த மேட்டை உண்டாக்கும், அப்படியே அலை தானாகப் பரவும் என்று அதில் காட்டியிருந்தார். இந்த அலைகளின் மேல் மணிக்கணக்கில் ஓடும் வண்டியில் ஒவ்வொரு திருகாணியும் ஓயாமல் அதிரும். மரத்தில் நேராக முறுக்கிய திருகுகள் தம் துளைகளைத் தாமே அரித்துப் பெரிதாக்கிக்கொண்டு கழன்று விழும். பிளந்து விழுந்த அலமாரிகளோடு பாலைவனத்திலிருந்து திரும்பிய வேன்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டுச் சமையலறையாக இருந்தால் அந்த அலமாரிகள் இருபது வருடம் நின்றிருக்கும்.

அதனால் 18 மில்லிமீட்டரை விடுங்கள். 9 மில்லிமீட்டர் போதும், ஆள் படுக்கும் இடத்துக்கு மட்டும் 12. மூட்டுகளுக்குப் பசையும் வேண்டும், போல்ட்டும் வேண்டும். அதிர்வில் கழலாத நைலான் வளையம் உள்ள நட்டுகளையே போடுங்கள். தரையில் புதிதாகத் துளை போடாதீர்கள். அடியில் டீசல் குழாயும் பிரேக் குழாயும் ஓடுகின்றன. மேலும் துளையிட்ட இடமெல்லாம் துருவுக்கு வாசல். மூன்றாவது வரிசை இருக்கையைக் கழற்றினால் அதைப் பூட்டியிருந்த உறுதியான போல்ட் துளைகள் கிடைக்கும். மரச்சட்டத்தை அவற்றில் பிணையுங்கள். கனமானவை தாழ்வாகவும் இரண்டு அச்சுகளுக்கு நடுவிலும் இருக்கட்டும். டெலிகா உயரமான வண்டி. கூரைமேல் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் பக்கக் காற்றிலும் சரிவிலும் தன் வேலையைக் காட்டும்.

இரண்டாவது வரிசை இருக்கையைத் தொடவே தொடாதீர்கள். உங்கள் வரைபடத்தில் மகளைப் படுக்கை மேடையில் பெல்ட் மாட்டி உட்காரவைக்கும் யோசனை இருக்கிறது. அது கூடாது. தொழிற்சாலையில் உடலோடு பிணைத்த பெல்ட் பிடிமானத்துக்கு ஈடாக மரத்தில் எதையும் செய்ய முடியாது. இருக்கைகளின் எண்ணிக்கையை மாற்றுவதாக இருந்தால், விக்டோரியாவில் அதற்கு அங்கீகாரம் பெற்ற வாஸ் பொறியாளர் ஒருவரிடம் வேலை தொடங்குமுன்பே கேட்டுவிடுங்கள். செய்துமுடித்த பிறகு சான்றிதழ் கேட்டுப் போனால் பிரிக்கச் சொல்லிவிடுவார்.

இன்னொன்று. இந்த வேனின் இருக்கைகளைச் சாய்த்து மடக்கினால் அவையே நீளமான படுக்கையாகும். மேலே ஒரு மெத்தையை விரித்து, பலகை எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வார இறுதியில் பக்கத்து மலைக்காட்டில் மூவரும் தூங்கிப் பாருங்கள். இரவில் யார் எழுந்து வெளியே போகிறார்கள், காலணி எங்கே கழற்றுகிறீர்கள், விளக்கு எங்கே தேவைப்படுகிறது என்பதெல்லாம் அந்த ஒரே இரவில் தெரிந்துவிடும். அதன்பின் நீங்கள் வரையும் படத்தில் பாதி அலமாரிகள் இருக்காது.

இப்போது என்ஜின். மரத்துக்கு ஒதுக்கியிருக்கும் பணத்தில் பெரும்பகுதியை இங்கே திருப்பிவிடும்படி வற்புறுத்திக் கேட்கிறேன். உங்கள் வண்டியில் இருப்பது 4எம்40 என்ற 2.8 லிட்டர் டர்போ டீசல். டைமிங் பெல்ட் கிடையாது, செயின். நல்ல உழைப்பாளி. ஆனால் அதன் சிலிண்டர் தலை அலுமினியம். ஒருமுறை கடுமையாகச் சூடேறினால் வால்வுகளுக்கு நடுவே விரிசல் விழும். அதற்கு ஆகும் செலவு சில சமயம் வண்டியின் விலையையே தொட்டுவிடும். என்ஜின் முன்னிருக்கைகளுக்கு அடியில் அடைபட்டு உட்கார்ந்திருப்பதால் சூடு வெளியேற இடமும் குறைவு.

அந்தச் சூடு எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜப்பானியக் குளிருக்காகப் பின்வரிசைக்கும் ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். அதற்குக் கூலண்ட் கொண்டுபோகும் உலோகக் குழாய்கள் வண்டியின் அடிப்பாகத்தில் நீளமாக ஓடுகின்றன. கல்லடியும் சேறும் அவற்றுக்கு. போதாததற்கு, பனி விழும் ஜப்பானிய ஊர்களில் சாலையில் தூவும் உப்பும் சேர்ந்து பல வண்டிகளில் அந்தக் குழாய்களை அரித்திருக்கும். எங்கோ ஓர் ஊசித் துளையில் கூலண்ட் சொட்டிச் சொட்டி வடிந்துவிடும். வெப்பமானி நீரின் சூட்டைத்தான் அளக்கும். நீரே இல்லாதபோது அது நடுவில் நின்று எல்லாம் நலம் என்று காட்டிக்கொண்டிருக்கும். முள் சிவப்பை எட்டுவதற்குள் தலை வெந்துவிடும்.

ஆகவே மெக்கானிக்கிடம் இதையெல்லாம் கேளுங்கள். அந்தக் குழாய்களை மாற்ற வேண்டும். பின் ஹீட்டர் வேண்டாம் என்றால் முன்பக்கத்திலேயே இணைத்து அடைத்துவிடலாம். ஏறத்தாழ முப்பது வயது வண்டிக்குப் புது ரேடியேட்டர் ஆடம்பரமில்லை. ஹோஸ்கள், தெர்மோஸ்டாட், மூடி, விசிறியின் கிளட்ச் எல்லாம் கூடவே மாறட்டும். கூலண்டில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன்பே அதைச் செய்யச் சொல்லுங்கள். விரிசல் ஏற்கெனவே இருந்தால் பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும். கடைசியாக, சிலிண்டர் தலையின் உலோகத்திலேயே போல்ட்டில் மாட்டி, அளவு மீறினால் அலறும் சூட்டு எச்சரிக்கைக் கருவி ஒன்று. விலை அதிகமில்லை. நீர் வடிந்து போனாலும் இது உலோகத்தின் சூட்டைச் சொல்லும். டாஷ்போர்டில் ஒரே ஒரு பொருள்தான் புதிதாக மாட்டுவீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் எண்ணெய்க்குத் தனியாக ஒரு கூலரும் போட்டுக்கொண்டால் நல்லது.

துருவைப் பற்றியும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடியில் பூசியிருக்கும் புதுக் கறுப்புச் சாயத்தை நம்பாமல் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். துருவைச் சரிசெய்வதென்றால் சுவர்களை மூடும் முன்பே செய்ய வேண்டும். உள்ளே பஞ்சும் பலகையும் ஏறிவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாமலே வளரும்.

மின்சாரம். இண்டக்ஷன் அடுப்பும் 2000 வாட் இன்வெர்ட்டரும் வேண்டும் என்கிறீர்கள். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் இருப்பது ஏறத்தாழ 1280 வாட்-மணி. 40 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் வெயில் நாளில் 400, 500 வாட்-மணியை எடுத்துக்கொள்ளும். அதோடு ஒரு வேளை சோறும் குழம்பும் மின்சாரத்தில் வைத்தால் பேட்டரி அன்றைக்கே களைத்துவிடும். 2000 வாட் என்றால் 12 வோல்ட் பக்கத்தில் 170 ஆம்பியருக்கு மேல் ஓடும். அதற்கு விரல் பருமனில் கேபிள் வேண்டும். ஃபிரிட்ஜுக்கும் விளக்குக்கும் போனுக்கும் மட்டும் மின்சாரம், சமையலுக்கு வெளியே வைக்கும் காஸ் அடுப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். அப்போது 12 கிலோ எடையுள்ள ஒரே லித்தியம் பேட்டரி போதும். 60 கிலோ ஈயம் சுவரில் ஒட்டிய கணக்கிலிருந்து விலகும். வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து அதை ஏற்ற டிசி-டிசி சார்ஜர் நடுவில் அவசியம். நேராக இணைத்தால் லித்தியம் தன் பங்குக்கு மேல் இழுத்து ஆல்டர்னேட்டரைக் கருக்கிவிடும். பேட்டரி வண்டிக்குள்ளேயே இருக்கட்டும், என்ஜின் சூடு அதற்கு ஆகாது.

ஒயரில் சிக்கனம் வேண்டாம். ஃபிரிட்ஜ் 5 ஆம்பியர் இழுக்கிறது, பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போக வர 10 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் வழியிலேயே ஏறத்தாழ 0.9 வோல்ட் தொலைந்துபோகும். பேட்டரி பாதி நிறைந்திருக்கும்போதே ஃபிரிட்ஜ் தன்னை அணைத்துக்கொள்ளும். ஃபிரிட்ஜ் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். 6 சதுர மில்லிமீட்டராக இருந்தால் இழப்பு 0.15 வோல்ட்டுக்குள் நின்றுவிடும். கடையில் '6 மில்லிமீட்டர்' என்று விற்கும் வாகன ஒயரில் அந்த அளவு உறையையும் சேர்த்த பருமன். உள்ளே இருக்கும் செம்பு அதைவிடக் குறைவு, எத்தனை சதுர மில்லிமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு ஒயருக்கும் பேட்டரி ஓரத்திலேயே ஃப்யூஸ் வேண்டும். அதிர்வில் ஒயர் உரசி உறை கிழிந்தால் தீயை நிறுத்த அது ஒன்றுதான் இருக்கும்.

சமையலைப் பற்றி உங்கள் மனைவி தனியாக நான்கு வரி எழுதியிருந்தார். அவருக்கான பதில் இது. சிறிய பிரஷர் குக்கரை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். காஸும் மிச்சம், தண்ணீரும் மிச்சம். பருப்பை ஓட்டத்திலேயே டப்பாவில் ஊறவைத்தால் மாலையில் இரண்டு விசிலில் வெந்துவிடும். தோசை மாவு கொண்டுபோவதானால் டப்பாவில் பாதிக்கு மேல் வேண்டாம், அதுவும் ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும். வெளியே வைத்தால் பகல் சூட்டில் குலுங்கிக் குலுங்கிப் பொங்கி மெத்தை வரைக்கும் வந்துவிடும். மில்டூரா வழியாகப் போனால் யம்பாவில் பழ ஈத் தடுப்புச் சோதனைச் சாவடி வரும். பழம், தக்காளி, பச்சை மிளகாய் எதையும் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். ஊறுகாயும் புளியும் பொடிகளும் எடுத்துக்கொண்டு, காய்கறியை அந்தப் பக்கம் போய் வாங்கிக்கொள்ளுங்கள். அடுப்பு எப்போதும் வெளியேதான். மழை பெய்தாலும் தார்ப்பாய்க்கடியில்தான். மூடிய வேனுக்குள் நெருப்பு எரிந்தால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதை உணர்த்தும் அலாரம் ஒன்றைத் தலைமாட்டில் பொருத்துங்கள்.

80 லிட்டர் தொட்டிக்குப் பதிலாகப் பத்து லிட்டர் கேன்கள் ஆறு. ஒன்று ஓட்டையானால் ஐந்து மிஞ்சும். மூவருக்கு ஒரு நாள் குடிக்கவும் சமைக்கவும் 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் நான்கு நாளுக்கு வரும். கழிப்பறைத் தடுப்பு வேண்டாம், மடக்கும் சின்ன நாற்காலிக் கழிப்பறை போதும். ஜன்னல்களுக்குக் கொசுவலையும், இரவில் இரண்டு பக்கமும் சிறிது திறப்பும் கட்டாயம். பாலைவனக் குளிர்கால இரவில் மூவர் விடும் மூச்சு கண்ணாடியிலும் தகட்டிலும் நீராக வழியும். உங்கள் வண்டியின் கூரையில் கண்ணாடிப் பலகைகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மகளுக்கு அது பெரிய பாக்கியம். அந்த ஊர் இரவில் நட்சத்திரங்களைப் படுத்தபடியே பார்ப்பாள். பகலுக்கு மட்டும் வெயிலைத் திருப்பியடிக்கும் மூடியைத் தைத்துவையுங்கள்.

தடத்தைப் பற்றி எழுதாமல் முடிக்க மனம் வரவில்லை. மாரியிலிருந்து மார்லா வரை 600 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நடுவே வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா என இரண்டே ஊர்கள், ஒவ்வொன்றுக்கும் இடையே ஏறத்தாழ 200 கிலோமீட்டர். வறண்ட சமவெளியில் இந்தப் பாதை ஏன் இப்படி வளைந்து போகிறது என்று தோன்றும். மண்ணுக்கு அடியில் பேராழத்திலிருக்கும் ஆர்ட்டீசியன் படுகையின் நீர், ஊற்றுகளாகக் குமிழ் குமிழாக வெளிப்படும் இடங்களைக் கோத்துக்கொண்டு அது போகிறது. அரபானா மக்கள் காலங்காலமாக அந்த ஊற்றுகளைத் தொட்டுத் தொட்டு நடந்தார்கள். அவர்கள் தடத்தைப் பார்த்து ஜான் மக்டூவல் ஸ்டூவர்ட் என்ற ஆய்வுப் பயணி போனார். 1872இல் முடிந்த தந்திக் கம்பி அவர் வழியை ஒட்டி ஓடியது. பிறகு நீராவி என்ஜினுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதால் ரயில் பாதையும் அங்கேயே வந்தது. அதில் ஓடிய பழைய கான் ரயில் 1980இல் நின்றது. பாலங்களும் கைவிட்ட நிலையங்களும் சாலையோரம் இன்றும் நிற்கின்றன. மாரியில், அந்தக் காலத்தில் ஒட்டகங்களில் சரக்கு ஏற்றிச் சென்ற ஆப்கன் ஒட்டகக்காரர்களின் தொழுகை இடத்தை மாதிரியாக மறுபடி கட்டிவைத்திருக்கிறார்கள். கவர்ட் ஸ்பிரிங்ஸில் பேரீச்ச மரங்களுக்கடியில் கூடாரம் போடலாம். மகளிடம் இந்தக் கதையை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒவ்வோர் ஊற்றிலும் இறங்கி நிற்க அவளுக்குக் காரணம் கிடைக்கும்.

மே முதல் ஆகஸ்ட் வரை போக நல்ல மாதங்கள். புறப்படும் முன் மாநில அரசின் வெளிப்பகுதிச் சாலை அறிக்கையைப் பாருங்கள். மழை பெய்து சாலை மூடியிருந்தால் நான்கு சக்கரமும் ஓடும் வண்டிதானே என்று இறங்கிவிடாதீர்கள். அபராதம் உண்டு. நீங்கள் உழுதுவிட்டுப் போகும் பள்ளத்தை அந்த ஊர்க்காரர்கள் பல மாதம் அனுபவிப்பார்கள். கிராவலில் ஏறும்போது டயர்க் காற்றை 26, 28 பிஎஸ்ஐ வரை இறக்குங்கள், தார்ச்சாலை வந்ததும் ஏற்றுங்கள். அதற்கு ஒரு சின்ன கம்ப்ரசர் போதும்.

எடை மேடை ரசீதின் படத்தையும், கூலண்ட் சோதனையில் மெக்கானிக் சொன்னதையும் அனுப்புங்கள். அவை கைக்கு வந்ததும் பின்படுக்கையின் அளவுகளை நானே வரைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்